கண்காணியார் இருவர்

ஐந்து வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் கால்டுவெல்லின் இலக்கண நூலைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். சில நண்பர்கள் நன்றாக இருப்பதாகக் கார்டு போட்டார்கள். அதில் தகவல் பிழை ஏதும் இல்லை. 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தை எட்டுப் பக்கம் புகழ்ந்துவிட்டு, 1849-இல் அவர் எழுதிய திருநெல்வேலிச் சாணார் பற்றிய சிறுநூலை 'அக்காலத்து மிஷனரி மனோபாவம்' என்று அரை வாக்கியத்தில் தாண்டிப் போயிருந்தேன். அந்தச் சிறுநூலை அப்போது நான் படித்திருக்கவில்லை. படிக்காத ஒன்றின் மேல் 'மனோபாவம்' என்ற சொல்லைப் போர்த்திவிட்டு நகர்வது நம் விமர்சனத்தில் நடப்பதுதான். நானும் அதைச் செய்திருக்கிறேன் என்பதை இப்போது சொல்லியாக வேண்டியிருக்கிறது.

சொல்ல வைத்தவர் செஞ்சிக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். திருநெல்வேலித் தேரிக்காட்டிலிருந்து சிறு வயதில் இங்கே வந்தவர். மாதம் இரண்டு தடவை அனந்தபுரத்தில் எங்கள் கிளைக்கு வருவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை சார் என்பார். என் கவுண்ட்டரில் அந்தப் பத்திரிகையைப் பார்த்து எடுத்துப் போனவர், அடுத்த தடவை திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "சார், கால்டுவெல் ஐயரு கட்டுன கோயில்லதான் எங்க பூட்டனுக்கு ஞானஸ்நானம். அவுக எங்க சனத்தப் பத்தி எழுதுனதையும் எங்க வீட்ல வாசிச்சிருக்காவ. ரெண்டும் ஒரே ஆளுதான். நீங்க ஒண்ண மட்டும் எழுதியிருக்கீய." கோபம் இல்லை. பாஸ்புத்தகத்தில் ஒரு வரவு விட்டுப்போயிருப்பதைச் சுட்டிக்காட்டும் தொனி.

அதன்பின் சிறுநூலைத் தேடிப் படித்தேன். அதே சமயத்தில், வேறு காரணத்துக்காக, ஸெவில் நகரத்து இஸிடோரின் 'எதிமாலஜி' பெருநூலையும் படித்துக்கொண்டிருந்தேன். 2006-இல் கேம்பிரிட்ஜில் வந்த முழு ஆங்கில மொழிபெயர்ப்பு. இரண்டையும் இரவில் மாறி மாறிப் படித்ததில் ஏற்பட்ட சங்கடம்தான் இந்தக் கட்டுரை. இருவரும் கிறிஸ்தவ மேற்றிராணியார்கள். இருவரும் சொற்களின் பிறப்பை ஆராய்ந்தவர்கள். இடையில் ஆயிரத்து இருநூறு ஆண்டு.

முதலில் பதவியின் பெயர். 'எபிஸ்கோபோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேலிருந்து பார்ப்பவன் என்று பொருள். இஸிடோரே இதை விளக்கி, இது உழைப்பின் பெயரே தவிர மரியாதையின் பெயர் அல்ல என்ற கருத்தை வைக்கிறார். தமிழில் இதற்கு எத்தனை பெயர்கள்! மலையாளத்து மெத்ரான் வழியாக சிரியாக்கிலிருந்து வந்த மேற்றிராணியார். திருநெல்வேலிப் புராட்டஸ்டண்டுகளின் அத்தியட்சர். இன்றைய ஆயர், பேராயர். தமிழ் விவிலியத்தில் பவுலின் நிருபங்களில் இருப்பது கண்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலிகளை மேய்த்தவனுக்கும் அதுவே பெயராகிவிட்டதால் அந்தச் சொல்லை மேடையில் யாரும் இப்போது சொல்வதில்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கண்காணியார் பார்க்கிறார், பார்த்ததை மேலே எழுதி அனுப்புகிறார். பார்க்கப்பட்டவன் அந்த அறிக்கையைப் படிப்பதில்லை.

இஸிடோர் ஏறத்தாழ 560-இல் பிறந்தவர். குடும்பம் கார்த்தஜீனாவிலிருந்து ஸெவிலுக்கு வந்தது. அண்ணன் லியாண்டர் அவருக்கு முன் ஸெவில் மேற்றிராணியார். இன்னொரு சகோதரர் ஃபுல்ஜென்ஷியஸ் எஸிகாவில் மேற்றிராணியார். தங்கையோ தமக்கையோ, ஃப்ளோரெண்டினா, கன்னிமடத்தில். குடும்பமே திருச்சபை. ஸ்பெயினை அப்போது ஆண்டவர்கள் விஸிகாத்துகள். ரோமானியர்களின் சாலைகளிலும் தூண்களிலும் குடியிருந்த ஜெர்மானிய இனத்தவர். மதத்தில் ஏரியஸ் வழியினர். 589-இல் டொலெடோ மூன்றாவது சங்கத்தில் ரெக்காரெட் மன்னன் கத்தோலிக்கனானதற்குப் பின்னணியில் லியாண்டர் இருந்தார். 600-ஐ ஒட்டி அண்ணனின் பீடத்துக்கு வந்த இஸிடோர், 636 ஏப்ரலில் சாகும்வரை அதில் இருந்தார்.

அவர் பையனாக இருந்தபோது படிப்பு ஏறாமல் பள்ளியை விட்டு ஓடினார் என்றும், கிணற்றங்கல்லில் கயிறு தேய்த்த தடத்தைப் பார்த்துத் திரும்பி வந்தார் என்றும் ஒரு கதை உண்டு. எறும்பூரக் கல்லும் தேயும் என்று நம் வாத்தியார்கள் சொன்னதேதான். எல்லா ஊரிலும் மக்குப் பையனுக்கு ஒரு கல் வைத்திருக்கிறார்கள்.

கல்லில் தேய்ந்த கயிறுபோலத்தான் அந்தப் பெருநூலும். சிதைந்துகொண்டிருந்த ஒரு கல்வியிலிருந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தது. இலக்கணம், மருத்துவம், சட்டம், கல், மரம், கப்பல், விளையாட்டு, செருப்பு. ஸாரகோஸாவின் மேற்றிராணியார் பிராலியோ அதை இருபது பகுதிகளாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொரு பொருளுக்கும் வாசல் அதன் பெயர்தான். மனிதன் மண்ணிலிருந்து வந்தவனாதலால் லத்தீனில் அவனுக்கு மண்ணோடு ஒட்டிய பெயர். அரசனுக்கு அரசன் என்று பெயர் நேராக நடத்துவதால், நேர் தவறினால் பெயர் போய்விடும். இப்படி. பாதி தவறு என்று இன்றைய மொழியியல் சிரிக்கும். சொல்லின் வேரில் பொருளின் சாரம் ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கை அவருடையது. (தமிழ்நாட்டில் இந்த நம்பிக்கை கோலோச்சாத தெரு ஏது?) ஆனால் அரசனைப் பற்றிய அந்த விளக்கத்தைத் தவறு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காத்து மன்னர்கள் ஒருவரையொருவர் கவிழ்த்துக் கொண்டிருந்த நாட்டில் ஒரு கிழவர் சொல்லாராய்ச்சி என்ற பெயரில் அதை எழுதி வைக்கிறார்.

இந்தக் கிழவர்தான் இன்னொன்றையும் செய்தார். ஸிஸெபுட் என்ற மன்னன் கல்விமான்; கிரகணம் பற்றி லத்தீனில் கவிதை எழுதியவன்; இஸிடோரின் இயற்கை பற்றிய நூல் அவனுக்குத்தான் சமர்ப்பணம். 616 வாக்கில் அவன் தன் நாட்டு யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறவைத்தான். காத்துகளின் வரலாற்றில் இஸிடோர் இதைக் கண்டிக்கிறார்: அறிவால் இணங்க வைத்திருக்க வேண்டியவர்களை அதிகாரத்தால் தள்ளிவிட்டான் என்கிறார். நல்லது. ஆனால் 633-இல் அவர் தலைமையில் கூடிய டொலெடோ நான்காவது சங்கத்தின் 57-ஆவது விதி என்ன சொல்கிறது? இனிமேல் யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது; ஆனால் ஏற்கனவே கட்டாயத்தில் முழுக்கப்பட்டவர்கள் திரும்பிப் போகவும் கூடாது. செய்தது தவறு, செய்தது நிற்கும். அலுவலகத்தில் வேலை பார்க்கிற எவருக்கும் பழக்கமான வாக்கியம். யூதர்களுக்கு எதிராக அவர் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். அது யாருக்கு எழுதப்பட்டது? மடத்திலிருந்த ஃப்ளோரெண்டினாவுக்கு. ஒரு ஜனத்தைப் பற்றி, அந்த ஜனத்தோடு பேசாமல், உடன்பிறந்தவளுக்கு ஒரு புத்தகம்.

இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவிட்டு கால்டுவெல்லை எடுத்தேன்.

ராபர்ட் கால்டுவெல் 1814 மே 7-இல் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். முதலில் ஓவியம் கற்கப் போனார். பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஸாண்ட்ஃபோர்டின் வகுப்பு அவரை ஒப்பியல் மொழிநூல் பக்கம் திருப்பியது. 1838 ஜனவரியில் சென்னை. கப்பலில் கூட வந்தவர் தெலுங்கு அறிஞர் சி. பி. பிரௌன். லண்டன் மிஷனை விட்டு 1841-இல் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறி, சென்னையிலிருந்து கால்நடையாகவே தஞ்சை, திருச்சி, நீலகிரி, மதுரை என்று சுற்றி, அந்த ஆண்டுக் கடைசியில் இடையன்குடிக்குப் போய்ச் சேர்ந்தார். செம்மணல் தேரி, பனை, வெயில். அங்கே ஐம்பது வருஷம். மேய்ப்பனுக்கு இடையன்குடி என்று ஒரு ஊர் வாய்த்ததை இஸிடோர் பார்த்திருந்தால் ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

தெருக்களை நேராக்கினார், கிணறு வெட்டினார், பள்ளி வைத்தார். நாகர்கோவில் மால்ட் குடும்பத்துப் பெண் எலைசாவை 1844-இல் மணந்தார். தமிழ் பேசி வளர்ந்த அந்த அம்மாள் இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கோயில் கட்டி முடிக்க முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று, 1880-இல் பிரதிஷ்டை. 1877 மார்ச் 11-இல், கல்கத்தாவில், சார்ஜண்டோடு சேர்த்து இவரையும் அத்தியட்சராக அபிஷேகம் செய்தார்கள். தாது வருஷப் பஞ்சம் தெற்கே மனிதர்களைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்திலேயே கொற்கையில் தோண்டிப் பார்த்து எழுதியிருக்கிறார். 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரம். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பது, வளர்க்கவேண்டாம்.

1849-க்கு வருகிறேன். வந்து எட்டு வருஷம் ஆன முப்பத்தைந்து வயது மிஷனரி, இங்கிலாந்தில் உள்ள ஆதரவாளர்களுக்குத் தன் ஜனத்தை விளக்குகிறார். பணம் கொடுப்பவர்கள் அவர்கள். பனையேறியின் ஒரு நாள் உழைப்பை அவர் எழுதியிருக்கும் நுணுக்கம், அந்தக் காலத்துத் தமிழில் ஒருவரும் அந்த மனிதனுக்குக் கொடுக்காத கவனம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பக்கங்களில் அந்த ஜனம் அறிவு மந்தமானது, பேய் வழிபாட்டுக்கு மேல் எழாதது, இலங்கையின் வட பகுதியிலிருந்து வந்தேறியது. கைகளை அவ்வளவு நன்றாகப் பார்த்தவருக்குத் தலை தெரியவில்லை. அல்லது, தலை இருக்கிறது என்று எழுதினால் மிஷனுக்குப் பணம் வராது என்று நினைத்தாரோ என்னவோ. இரண்டில் எது மோசம் என்று எனக்கு முடிவு கட்டத் தெரியவில்லை.

அவர் கணக்கில் பிசகியது ஒன்றே ஒன்று. தான் வைத்த பள்ளிகளில் படித்தவர்கள் ஆங்கிலம் படிப்பார்கள் என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நாசரேத்தில் மிஷனரியோடு முரண்பட்டு வெளியேறிய சட்டாம்பிள்ளை 1857-இல் தனிச் சபை தொடங்கினார். வெள்ளைக்காரச் சபைக்கு இந்தப் புத்தகத்தைக் குற்றப்பத்திரிகையாக வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஐரோப்பிய வழிபாட்டை உதறிவிட்டு அவர்கள் போய் நின்ற இடம் பழைய ஏற்பாடு. சனிக்கிழமை ஓய்வுநாள், தூபம், யூத வழக்கங்கள். ஸெவில் கண்காணியார் வெளியே தள்ளியதை, பனங்காட்டில் ஒரு உபதேசியார் கைநீட்டி எடுத்துக்கொண்டார். சரித்திரத்துக்குச் சில சமயம் நகைச்சுவை உணர்ச்சி உண்டு. 1880-களில், அச்சாகி முப்பது வருஷம் கழித்து, புத்தகத்துக்கு எதிராக நாடார்களின் பிரசுரங்களும் விண்ணப்பங்களும் கிளம்பின. கால்டுவெல்லுக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது. அறிக்கையை, பார்க்கப்பட்டவர்கள் படித்துவிட்டார்கள்.

இனி ஒப்பிலக்கணம். 1856-இல் லண்டனில் வெளியானது. 1875-இல் விரித்து எழுதிய இரண்டாம் பதிப்பு. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனிக் குடும்பம் என்ற கருத்தை 1816-லேயே சென்னையில் எல்லிஸ் சொல்லியாகிவிட்டது. கால்டுவெல் செய்தது அதை நிரூபித்தது. எப்படி நிரூபித்தார் என்பதுதான் எனக்கு இப்போது முக்கியமாகத் தெரிகிறது. ஐந்து வருஷத்துக்கு முன் இதைத்தான் தவறவிட்டேன். இஸிடோர் ஒரு சொல்லைத் தனியே எடுத்து அதன் வயிற்றைக் கிழித்துப் பொருளைத் தேடுவார். கால்டுவெல் தனிச்சொல்லை நம்புவதில்லை. வேற்றுமை உருபுகள், எண்கள், தன்மை முன்னிலைப் பெயர்கள், வினை விகுதிகள், இவற்றை வரிசையாக நிறுத்தி எந்த மொழி எதற்கு உறவு என்று கேட்கிறார். அந்த வரிசையில் தமிழும் தெலுங்கும் மட்டும் நிற்கவில்லை. எழுத்தே இல்லாத தோடர், கோத்தர் மொழிகள், கோண்டு, கூ, பின்னர் ராஜ்மகால், ஒராவோன் எல்லாம் சாட்சிக் கூண்டில் ஏறுகின்றன. தொல்காப்பியம் இல்லாதவன் வாயில் ஒரு பழைய உருபு தங்கியிருந்தால், அந்த இடத்தில் அவன் சாட்சியம் புலவனுடையதைவிடக் கனமானது. பேச்சுத் தமிழும் அப்படியே.

அறிவு மந்தம் என்று 1849-இல் எழுதியவர் இந்த முறையைக் கையாண்டார். மனிதரைவிட முறை பெருந்தன்மையானதாக இருந்திருக்கிறது. தவறுகள் நிறைய உண்டு. திராவிட மொழிகளை ஸித்திய மொழிகளோடு முடிச்சுப் போட்டது நிற்கவில்லை. தமிழ் என்ற பெயர் திராவிடம் என்பதிலிருந்து மருவியது என்றார். இன்று பெரும்பாலோர் எதிர்த்திசையில் போகிறார்கள். ஆனால் அவற்றைத் திருத்தியதும் அவர் தந்த முறையேதான். 1849 நூலைத் திருத்துவதற்கு அதற்குள் எதுவும் கிடையாது. அதற்கு வெளியிலிருந்து ஆட்கள் வரவேண்டியிருந்தது.

இப்படி எழுதி முடித்துத் திருப்திப்பட்டிருப்பேன். மோசமான சிறுநூல், நல்ல பெருநூல் என்று இரண்டு பத்தி எழுதி மேசை மேல் வைப்பது சுலபம். ஆனால் பெருநூலின் இரண்டாம் பதிப்பில் பின்னிணைப்பாக, பறையர்கள் திராவிடர்கள்தானா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆம் என்று வாதிடும் பகுதி ஒன்று உண்டு. கேள்வியின் தொனி 1849-ஐ ஞாபகப்படுத்துகிறது, விடை இலக்கணக்காரருடையது. அவர் செத்தபின் 1913-இல் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்தவர்கள் அதை எடுத்துவிட்டார்கள். பின்னால் பல்லாண்டு நாம் கல்லூரியில் படித்து மேற்கோள் காட்டியது வெட்டிய புத்தகத்தைத்தான். 2008-இல் கவிதாசரண், ஒரு சிறுபத்திரிகைக்காரர், 1875 பதிப்பை முழுமையாகக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்கள் செய்யவில்லை. 1968-லேயே மெரினாவில் சிலை வைத்தாயிற்று. சிலைக்குப் பின்னிணைப்பு தேவையில்லை.

ஆக, 1849-ஐ நான் அரை வாக்கியத்தில் தாண்டியதும் 1913-இன் கத்திரியும் ஒரே ஜாதி. நமக்கு வேண்டிய கால்டுவெல்லை நறுக்கி எடுத்துக்கொண்டோம்.

வங்கி வேலையில் பெயர் என்பது ஸ்தூலமான விஷயம். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புத்தகத்தில் வேறு எழுத்து என்றால் எதிரே நிற்கிற கிழவி வேறு ஆள். அவள் பணம் அவளுக்குக் கிடைக்காது. எது அவள் பெயர் என்று அவளை யாரும் கேட்பதில்லை, காகிதத்தைக் கேட்கிறோம். நானும்தான். கண்காணி வேலை என்று இதை ஒருநாள் சொல்லிக்கொண்டபோது சிரிப்பு வரவில்லை.

செஞ்சிக்கு வடக்கே, சிறுகடம்பூர்ப் பக்கம் திருநாதர்குன்று இருக்கிறது. ராஜகிரிக்கு ஏறுகிற கூட்டம் அங்கே வராது. செஞ்சியைப் பார்த்து எழுதியவர்கள் ஏராளம். 1597-இல் வந்த யேசு சபைப் பார்வையாளர் பிமெண்டாவே கிருஷ்ணப்ப நாயக்கரின் நகரத்தை வியந்து எழுதி அனுப்பியிருக்கிறார். அவர் பதவிப் பெயரும் பார்ப்பவர்தான். திருநாதர்குன்றில் ஒரு பெரும்பாறையில் இரண்டு வரிசையாக இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். பக்கத்தில் ஒரு கல்வெட்டு. தமிழ் எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த, கி.பி. ஐந்து அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இஸிடோரின் பாட்டனார் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் நோற்று உயிர் விட்ட இடம் இது என்கிறது. அவ்வளவுதான். ஐம்பத்தேழு என்ற எண்ணைப் பார்த்ததும் டொலெடோ விதி ஞாபகம் வந்தது. எண்களோடு பிழைக்கிறவனுக்கு இந்த மாதிரி வேண்டாத ஒற்றுமைகள் கண்ணில் படும்.

அவரைப் பற்றி வேறு ஒன்றும் எழுதப்படவில்லை. யாருக்கும் அறிக்கை அனுப்பப்படவில்லை. நடந்த இடத்திலேயே, நடந்ததை மட்டும், ஊர்க்காரன் மொழியில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அங்கே போனபோது இது ஏழ்மையான சரித்திரம் என்று பட்டது. இப்போது அப்படிப் படவில்லை.

இஸிடோரின் சாவை ரெடெம்ப்டஸ் என்ற குரு ஒரு கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். முடியாத உடம்போடு தன்னைக் கோயிலுக்குத் தூக்கிப் போகச் சொல்லி, கோணியும் சாம்பலும் தரித்து, கூடியிருந்த எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். கையிருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார். சில நாளில் இறந்தார். கூடியிருந்தவர்களில் பழைய ஸிஸெபுட்டின் ஞானஸ்நானக்காரர்கள் எவரும் இருந்திருப்பார்களா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அவர் எலும்புகள் 1063-இல் முஸ்லிம் ஆட்சியிலிருந்த ஸெவிலிலிருந்து வடக்கே லியோனுக்குக் கொண்டுபோகப்பட்டன. கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28-இல் கோடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி, தேரிக்காடு வரை கொண்டுபோய், அவர் கட்டிய கோயிலின் பலிபீடத்தடியில் புதைத்தார்கள். புதைத்தது அவர் எழுதிய ஜனம்தான்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் கடையில் நின்றபடியே சொன்னேன். கருப்பட்டி நிறுத்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அந்தச் சின்னப் புஸ்தகத்துல பனையேத்தம் பத்தி எழுதியிருப்பாரே, அது சரியாத்தான் இருக்கும். எங்க பூட்டன் அப்படித்தான் ஏறுனாரு" என்றார். பிறகு, ஆகஸ்டில் ஊருக்குப் போவதாகவும் கூட வருவதென்றால் இடையன்குடியில் இறங்கிக் கொள்ளலாம் என்றும் சொன்னார். மாதக் கடைசி, லீவு கேட்டிருக்கிறேன்.